கெமிக்கல் கம்பெனி பக்கத்துல வீடு, அம்மாவுக்கு கேன்சர், கேஸ் போடலாமா?

கடலூர் பக்கம் 22 வருஷமா இருக்கோம், ராத்திரி 2 மணிக்கு அழுகுன முட்டைகோஸ் நாத்தம் வந்தா அம்மா ஈரத்துணிய ஜன்னல் இடுக்குல சொருகுவாங்க, இப்ப அவங்களுக்கே நுரையீரல் கேன்சர். நஷ்டஈடு கேக்க வழி இருக்கா?

பதில் 1: இருக்குங்க. சுற்றுச்சூழல் கேஸ் பாக்குற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல பெஞ்ச் சென்னையிலயே இருக்கு, அந்தத் தீர்ப்பாயத்தோட 2010 சட்டம் 15வது பிரிவுல நஷ்டஈட்டு மனு போடலாம், ஆனா 5 வருஷக் கெடு இருக்கு, தள்ளிப் போடாதீங்க.

பதில் 2: இந்தப் புகைதான் காரணம்னு காட்றதுதான் பெரும்பாடு. அமெரிக்காவுல வில்லோபுரூக்ங்கற ஊர்ல ஒரு கம்பெனி விட்டது எத்திலீன் ஆக்சைடுன்னு வாயுவ குறிப்பா சொல்ல முடிஞ்சுது, 2022ல ஜூரி அங்க கேன்சர் வந்த ஒரு அம்மாவுக்கு 36.3 கோடி டாலர் குடுக்கச் சொன்னாங்க. நீங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல ஆர்டிஐ போட்டு புகைபோக்கி அளவெல்லாம் வாங்குங்க.

பதில் 3: அம்மா சிகரெட் புகைச்சதே இல்லன்னா அத டாக்டர்ட்ட எழுதி வாங்கிக்கோங்க தம்பி, பயாப்ஸி ரிப்போர்ட்டும் பத்திரம்.