கேம் சர்வர மூட எந்த நேரம் சரி?

களியக்காவிளைக்காரன்:
மக்கா, நாங்க மூணு பேரு சேந்து ஒரு ஆன்லைன் கேம் நடத்துதோம், ஒரே சர்வர்தான். டேட்டாபேஸ் மாத்தணும், ரெண்டு மணி நேரம் மூடியே ஆகணும். விடியக்காலம் 4 மணிக்கு வச்சா இங்க எல்லாவனும் தூக்கம், ஆனா பிரேசில்லயும் ஆளு இருக்கான், அங்க அப்ப ராத்திரி ஏழரை, பய அப்பதான் சாப்டுட்டு வந்து உக்காருதான். எப்ப வைக்க?

செங்கோட்டை சாரல்:
எல்லாருக்கும் தோதான நேரம்னு ஒண்ணும் கிடையாது தம்பி. சர்வர் லாக்ல, அதான் யாரு எப்ப வந்தான்னு பதிவாகுத இடத்துல, மணிவாரியா எத்தன பேரு இருக்கான்னு பாரு. மதியம் 12 வச்சா பிரேசில்ல அதிகாலை மூன்றரை, ஜெர்மனில காலைல வேலைக்கு ஓடுத நேரம், நம்ம பசங்க காலேஜ்ல. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்னு பெரிய ஆன்லைன் கேம்ல அமெரிக்காவுக்கு செவ்வாய், ஐரோப்பாவுக்கு புதன்னு பிரிச்சு வைக்கான், ஒரே சர்வர்ல அது நடக்காது. வெள்ளிக்கிழம மட்டும் வேண்டாம், புட்டுக்கிச்சுன்னா சனி ஞாயிறு போச்சு.

பாலக்காட்டு ப்ளேயர்:
அறிவிப்ப யுடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல போடுங்க, டிஸ்கார்ட் சாட் ஆப்ல டைம்ஸ்டாம்ப் போட்டா அவனவன் ஊர் நேரத்துல காட்டும். மார்ச்ல கவனம், அமெரிக்கா ரெண்டாவது ஞாயிறே கடிகாரத்த மாத்திடும், ஐரோப்பா கடைசி ஞாயிறுதான், நமக்கு மாறவே மாறாது.

சித்தூர் தமிழன்:
ரெண்டு மணி நேர வேலைன்னா நாலுன்னு சொல்லுங்க ப்ரோ, சீக்கிரம் திறந்தா யாரும் திட்ட மாட்டான். பேக்கப் எடுத்தா மட்டும் போதாது, வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி, அதாவது திரும்ப ஏத்தி பாத்துருங்க. டெய்லி ரிவார்டு, ஈவென்ட் டைமர் எல்லாத்தையும் நிறுத்தி வைங்க, மூடியிருக்கப்ப அது ஓடிட்டா சண்டையே அங்கதான் வரும்.

களியக்காவிளைக்காரன்:
செவ்வாய் மதியம் வச்சிருதோம். டைமர் விஷயம் யோசிக்கவே இல்ல கேட்டியளா.