குளத்தின் ஓரத்தை நிரப்பினால்தான் குப்பை வண்டி வருமா? சபைக்கு என்ன எழுதுவது?

குளத்தடி வீடு

வணக்கம். திருகோணமலையில் இருந்து நிலாவெளி வீதியால் வடக்கே வரும்போது கடற்கரைப் பக்கமாக இருக்கும் ஊர் எங்களுடையது. விடயம் இன்னும் பேச்சில் இருப்பதால் ஊரின் பெயரையும் உள்ளூராட்சி சபையின் பெயரையும் எழுதவில்லை.

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. மாரியில் மூன்று ஏக்கர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். ஆவணியில் நடுவில் ஒரு வட்டம்தான் மிஞ்சும், அதைச் சுற்றிக் கொக்குகள் நிற்கும். முன்பு குளத்துக்குக் கீழே ஏழெட்டு ஏக்கர் வயல் இருந்தது. 1990இல் இடம்பெயர்ந்தபோது விட்டுப்போன வயலை, திரும்பி வந்த பிறகு யாரும் செய்யவில்லை. இப்போது பாதி வளவாகிவிட்டது, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசும் உடைந்து கிடக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது யாரும் தேடாத பள்ளக்காணி.

போன மாதச் சபை அமர்வில் ஒரு பிரேரணை வந்திருக்கிறது. குளத்தின் தெற்கு அலைகரையில், அதாவது தண்ணீர் ஏறி இறங்கும் ஓரத்தில், 40 பேர்ச் இடத்துக்குக் கிறவல் போட்டு உயர்த்தி, குப்பை தரம் பிரிக்கும் நிலையம் கட்டுவதாம். அது வந்தால் எங்கள் வட்டாரத்துக்குக் கிழமையில் இரண்டு நாள் ட்ராக்டர் வருமாம். இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருகிறது, சில மாதம் அதுவும் இல்லை. அடுத்த அமர்வில் வாக்கெடுப்பு என்று வட்டார உறுப்பினர் சொன்னார். இன்னும் நான்கு கிழமை இருக்கிறது.

ஒழுங்கையில் 23 வீடுகள். பாதிப்பேர் "வரட்டும், நல்லதுதானே" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் பின்வளவில் குப்பை எரிக்கிறவள். என் பேரனுக்குத் தொய்வு இருக்கிறது. எரிக்கிற நாளில் அவனை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் நெருப்பு வைப்பேன். பின்னேரம் அவன் திரும்பி வரும்போது புகை மணம் போகாமல் இருந்தால், அன்றிரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை, அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன்.

ஆனால் 2011 ஜனவரி வெள்ளத்தை நான் மறக்கவில்லை. கிழக்கு முழுக்கத் தண்ணீர் நின்ற அந்த நாட்களில், பிரதான வீதியின் மேற்குப் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் மதகால் வந்து இந்தக் குளத்தில்தான் இறங்கியது. குளம் நிரம்பி, மேலதிகத் தண்ணீர் போகும் வானால் வழிந்து, தோணா என்கிற நீரோடையால் களப்புக்குப் போய்க் கடலில் விழுந்தது. எங்கள் வாசலில் இரண்டாவது படி வரை தண்ணீர் வந்தது. மூன்றாவது படி காய்ந்தே இருந்தது. அந்தப் படியில்தான் அரிசி மூட்டையை வைத்திருந்தேன். 40 பேர்ச்சை உயர்த்தினால், அங்கே நின்ற தண்ணீர் எங்கே வந்து நிற்கும்?

சபைக்கு வெறுமனே "வேண்டாம்" என்று எழுத எனக்கு விருப்பமில்லை. குளமும் இருக்க வேண்டும், வண்டியும் வர வேண்டும். யாரிடம் போவது, எதைக் கேட்பது, எந்தச் சட்டத்தைச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற ரி.ஓ.

அம்மா, நான் வேறு மாவட்டத்தில் ஒரு சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கடிதம் எழுதும் முன் ஒரு விடயத்தைக் கண்டுபிடியுங்கள்: அந்த 40 பேர்ச் யாருடையது? சபையில் எல்லோரும் கை உயர்த்தினாலும் சபைக்குச் சொந்தமில்லாத காணி சபையின் காணி ஆகாது. நான் வேலை செய்த காலத்தில், பிரேரணை நிறைவேறி, மதிப்பீடு போட்டு, டிப்பர் வந்து நின்ற பிறகுதான் "இது யார் காணி" என்று தேடியிருக்கிறோம்.

80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற குளங்களைச் சிறு குளங்கள் என்பார்கள். அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. இன்றைக்கு அங்கே வயல் செய்கிறார்களா என்பது வேறு கேள்வி. குளம் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில் இருந்தால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். கீழே மிஞ்சியிருக்கிற வயலை நிரப்புவதற்கும் அதே சட்டப்படி கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். ஆகவே முதலில் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்கு நேரில் போங்கள். தொலைபேசியில் கேட்டால் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

பதிவில் இல்லை, அரச காணி என்றால் பிரதேச செயலகம். சபைக்குக் கையளித்த கடிதம் ஒன்று அங்கே இருக்க வேண்டும். கடலில் இருந்து எவ்வளவு தூரம் என்றும் அளந்து பாருங்கள். உயர்நீர் மட்டத்தில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். களப்பு கடலோடு சேர்கிற இடமென்றால் அந்த எல்லை இன்னும் உள்ளே வரும். உங்கள் ஒழுங்கையில் நிலம் எதுவும் அந்த எல்லைக்குள் வராவிட்டாலும் தோணா வரும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு இன்றே விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும். நான்கு கிழமைக்குள் மட்டுமட்டாகக் கிடைக்கும். பிரேரணையின் பிரதி, காணி உரிமைக்கான ஆவணம், வேறு எந்த இடங்களைப் பார்த்தார்கள் என்ற விபரம் எல்லாம் கேளுங்கள். இவற்றோடு குப்பை ஏற்றும் ட்ராக்டர்களின் ஆறு மாத ரன்னிங் சார்ட்டையும் கேளுங்கள். வண்டி எந்த நாள் ஓடியது, எங்கே போனது, எந்த நாள் கராஜில் நின்றது என்று அதில் இருக்கும். உங்கள் ஒழுங்கைக்கு வண்டி வராததற்கு உண்மையான காரணம் இடமா, ட்ராக்டரா, ஆளா என்று அப்போது தெரிந்துவிடும்.

பிரதான வீதிக்குக் கீழே போகிற மதகு சபையுடையது இல்லை. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. மதகைப் பற்றிச் சபைக்கு எழுதி நாளை வீணாக்க வேண்டாம்.

மூன்று பிள்ளைகளின் அம்மா

அக்கா, உங்கள் மனம் விளங்குகிறது. ஆனால் மற்றப் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு குளத்துக்காகக் கையெழுத்து வாங்கினோம். நானும் வைத்தேன். நிலையம் வேறு வட்டாரத்துக்குப் போனது, வண்டியும் அந்தப் பக்கமே போனது. எங்கள் குளம் காப்பாற்றப்பட்டது என்று சந்தோஷப்பட்டோம். இப்போது போய்ப் பாருங்கள். கோழிக் கழிவை உரப்பையில் கட்டி இரவில் அதற்குள் எறிகிறார்கள். பம்பஸ் மிதக்கிறது. மழை வந்தால் அந்தத் தண்ணீர்தான் வடிகானால் வீட்டு வாசலுக்கு வருகிறது. போன வருடம் என் மூத்த மகளுக்கு டெங்கு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

குப்பை போக ஒரு வழி இல்லாத ஊரில் குளம் நிலைக்காது, அக்கா. திருகோணமலை நகரத்தில் கோட்டைப் பக்கம் மான்கள் ஷொப்பிங் பையைத் தின்றுகொண்டு நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே நிலையம் எங்கே என்பதற்கு உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். வேறு இடத்தைக் காட்டாமல் எதிர்த்தால், ஒழுங்கையில் சின்னப் பிள்ளை உள்ள வீடு ஒன்றுகூட உங்களோடு நிற்காது.

புவியியல் ரீச்சர்

முந்தைய பதிவில் சொன்னது சரி. ஆனாலும் குளத்தைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உங்கள் கிணறு.

நிலாவெளி வீதியின் கடற்கரைப் பக்கம் முழுக்க மணல் நிலம். அந்த மணலுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை உப்புத் தண்ணீரைத் தள்ளி வைத்திருக்கும். மேலே 1 அடி இறங்கினால் கீழே அந்த 40 அடியும் ஏறிவிடும். மாரித் தண்ணீரை இரண்டு மூன்று மாதம் பிடித்து வைத்து மெதுவாக மண்ணுக்குள் விடுகிற குளம் உங்கள் ஒழுங்கைக் கிணறுகளுக்கு என்ன செய்கிறது என்று இதில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். குப்பை ஊறிய தண்ணீரும் அதே மணலால்தான் இறங்கும், அதையும் மறக்க வேண்டாம்.

ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, 23 வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். எந்தக் கிணறு எந்த மாதத்தில் சவர்க்கும் என்று வீட்டுக்காரரிடமே கேளுங்கள். குளத்தில் இருந்து ஒவ்வொரு வீடும் எத்தனை அடி என்று காலடியால் நடந்து எழுதினாலே போதும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரு சனிக்கிழமையில் முடியும். அந்த ஒற்றைத் தாளைக் கடிதத்தோடு இணையுங்கள்.

குளத்தடி வீடு

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

கமநல சேவை நிலையத்துக்கு இரண்டு தரம் போனேன். முதல் நாள் எங்கள் ஊர்ப் பெயரில் தேடி, அப்படி ஒரு குளம் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து ஐயாவின் பழைய பெட்டியைக் கிளறினேன். வயல் செய்த காலத்து ரசீது ஒன்றில் குளத்துக்கு வேறு பெயர் இருந்தது. ஒரு மரத்தின் பெயரில் உள்ள குளம். அந்த மரம் இப்போது இல்லை, எனக்கும் நினைவில்லை. அந்தப் பெயரைக் கொண்டு போனதும் பதிவேட்டில் இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. குளமும், கீழ் வயலின் அளவும், வாய்க்காலும் எழுதியிருக்கிறது. உத்தியோகத்தர் தாங்களே சபைக்குக் கடிதம் அனுப்புவதாகச் சொல்லி, பிரதி ஒன்றும் தந்தார். பெட்டியில் இருந்த அந்தத் துண்டுக் கடதாசி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது. உங்கள் ஊர்க் குளத்தின் பழைய பெயரைத் தாய் தகப்பனிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

ரன்னிங் சார்ட் பதின்மூன்றாவது வேலைநாளில் கையில் கிடைத்தது. சபையில் குப்பைக்கு மூன்று ட்ராக்டர். ஒன்று ஐந்து மாதமாக ஓடவே இல்லை. இன்னொன்று வேறு வேலைக்கும் போகிறது. எங்கள் ஒழுங்கைக்கு வண்டி வராதது நிலையம் இல்லாததால் அல்ல. சரி, இதை வைத்துச் சபையோடு சண்டை பிடிக்க நான் போகவில்லை. ஓடாத ட்ராக்டரைப் பழுது பார்க்க எவ்வளவு செலவாகும், அதை இந்த வருடப் பாதீட்டில் போட முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

கிணறு அளந்தோம். பேரன்தான் கயிறு பிடித்தான். குளத்துக்குக் கிட்ட உள்ள ஒன்பது வீட்டிலும் ஆவணி வரை தண்ணீர் குடிக்கலாம். வீதிப் பக்கம் உள்ள வீடுகளில் ஆனியிலேயே சவர்க்கிறது. இதைக் கேட்ட பிறகு, வண்டி வரட்டும் என்று நின்ற வீடுகளில் நான்கு பேர் கையெழுத்து வைத்தார்கள். மொத்தம் 19 கையெழுத்து.

மாற்று இடம் பற்றித் தங்கச்சி சொன்னதை நினைத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் வட்டாரத்தில் சபைக்கே சொந்தமான பழைய சந்தைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. சீமெந்து நிலம், கூரை பாதி இருக்கிறது, இப்போது மாடு கட்டுகிறார்கள். மேடான இடம், 2011இலும் தண்ணீர் ஏறவில்லை. அதைத்தான் கடிதத்தில் கேட்டிருக்கிறோம். ஆனால் அங்கும் சுற்றி ஆறு வீடு இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தொந்தரவை அவர்கள் தலையில் கட்டிவிட்டோம் என்று நினைத்தால் அது நியாயம்தான். ஞாயிறு பின்னேரம் அவர்களிடம் போய்ப் பேசப் போகிறோம். அவர்களுக்கு என்ன உறுதி கொடுக்கலாம்? அமர்வு செவ்வாய்க்கிழமை. பொதுமக்கள் கலரிக்கு ஏழு பேர் போகிறோம்.

மூன்று பிள்ளைகளின் அம்மா

அக்கா, ஞாயிறு போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். அந்த ஆறு வீட்டுக்காரரும் மணம், ஈ, நாய் இந்த மூன்றைப் பற்றித்தான் கேட்பார்கள். மூன்றும் வருவது சாப்பாட்டுக் கழிவாலும் மீன், இறைச்சிக் கழிவாலும்தான். ஆகவே போத்தல், தகரம், கடதாசி, பிளாஸ்டிக் போன்ற உலர்ந்த சாமான்கள் மட்டும்தான் அங்கே வரும், உக்கும் குப்பை அவரவர் வளவில் பசளைத் தொட்டியில் போகும் என்று பிரேரணையிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாக விட வேண்டாம். தொட்டி வைக்க இடமில்லாத வீடு உங்கள் ஒழுங்கையில் எத்தனை என்று சனிக்கிழமையே எண்ணி வையுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். மீன் கழிவுக்குக் குழி எங்கே வெட்டுவது என்று ரீச்சரிடம் கேளுங்கள், கிணற்றுக்குக் கிட்ட வந்துவிடக்கூடாது.

செவ்வாய் பின்னேரம் என்ன நடந்தது என்று இங்கே எழுதுங்கள். பார்த்துக்கொண்டு இருப்பேன்.