ஃபில்லர் கூடக் கூட ரப்பருக்கு என்ன ஆகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரப்பர் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஃபில்லர் என்பது ரப்பரில் கலக்கும் கார்பன் பிளாக் (கரித்தூள்), சுண்ணாம்புத்தூள் போன்ற பொடி. மேலே ஒருவர், "கார்பன் பிளாக் அதிகம் போட்டால் ரப்பர் பலமாகும்தானே?" என்று கேட்டிருந்தார். எந்த ரப்பர், எந்தப் பலம் என்று பார்த்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

எஸ்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பரை ஃபில்லர் இல்லாமல் க்யூர் செய்தால் (சூடாக்கிப் பதப்படுத்தினால்) டென்சைல், அதாவது அறுவதற்கு முன் தாங்கும் இழுவை, 2, 3 மெகாபாஸ்கல்தான் வரும். டம்பெல் வடிவில் வெட்டிய துண்டை மெஷினில் மாட்டி இழுத்தால் கொஞ்ச விசையிலேயே பொசுக்கென்று அறுந்துவிடும். அதே ரப்பர் 100 பங்குக்கு 50 பங்கு என்330 என்ற ரகக் கார்பன் பிளாக் போட்டு நன்றாக மிக்ஸ் செய்தால் 20ஐத் தாண்டும். இயற்கை ரப்பரில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்க்க முடியாது. இழுக்கும்போதே அதன் சங்கிலிகள் வரிசைப்பட்டுப் படிகமாகிவிடுவதால், ஃபில்லர் இல்லாமலேயே 20க்கு மேல் போகும். அதற்கு கார்பன் பிளாக் போடுவது பெரும்பாலும் விறைப்புக்காகவும் தேய்மானத்தைத் தாங்கவும்தான்.

பங்கை ஏற்றிக்கொண்டே போனால் ஹார்ட்னஸ் (கடினம்) நிற்காமல் ஏறும். என்330 என்றால் ஏறக்குறைய 2 பங்குக்கு ஒரு ஷோர் ஏ (ஹார்ட்னஸ் அளவு). அறும்வரை நீளும் நீட்சி இறங்கிக்கொண்டே வரும். டென்சைல் மட்டும் ஓரளவு ஏறி, பெரும்பாலும் 50, 60 பங்கு வாக்கில் உச்சம் தொட்டு, அப்புறம் சரியும். துகள்கள் நெருங்க நெருங்க அவற்றுக்கு நடுவில் இருக்கும் கொஞ்ச ரப்பர்தான் மொத்த இழுவையையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஹார்ட்னஸ் அளக்கும் டியூரோமீட்டரில் முள் மேலே நிற்பதைப் பார்த்து ரப்பர் உறுதியானது என்று முடிவு கட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். அந்தத் துண்டை மடக்கினால் விளிம்பிலேயே வெடிப்பு விடும்.

துகளின் அளவும் முக்கியம். என்330 துகள் 30 நானோமீட்டருக்குள் இருக்கும். அரைத்த சுண்ணாம்புத்தூள் சில மைக்ரான். சுண்ணாம்புத்தூள் அதிகம் போட்ட வெளிர்நிற ஷீட்டை இழுத்துப் பாருங்கள், நடுவில் வெளுக்கும். ரப்பர் துகளை விட்டுப் பிரிந்து நுண்ணிய குழிகள் விழுவதால் வரும் வெளுப்பு அது. ஷீட்டின் விலை குறையும், பலம் கூடாது.

அறுந்த முகத்தையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். கரையாத கார்பன் கட்டி ஒன்று மணி போலத் துருத்திக்கொண்டிருந்தால், குறை ஃபார்முலாவில் இல்லை, மிக்சிங்கில்.

*

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் இயந்திர அதிர்வைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் செய்யும் பக்கம். ஃபில்லர் நிறைந்த ரப்பரை முதல் தடவை இழுக்கும்போது இருக்கும் விறைப்பு இரண்டாம் தடவை இருக்காது. முல்லின்ஸ் விளைவு என்பார்கள். அதனால் முதல் இழுப்பின் அளவை நாங்கள் டிசைனுக்கு எடுப்பதில்லை. சில சுற்று இழுத்துவிட்ட பிறகே குறிப்போம்.

அசைவின் அளவைப் பொறுத்தும் விறைப்பு மாறும். மிகச் சிறிய அதிர்வில் கெட்டியாக நிற்கும் காம்பவுண்ட் (ஃபில்லர் கலந்த ரப்பர்), அசைவு பெரிதாகும்போது இளகும். துகள்கள் தமக்குள் கட்டிய வலை உடைவதே காரணம். அந்த உடைசலில் போகும் சக்தி சூடாக மாறும். கார்பன் பிளாக் தாராளமாகப் போட்ட மவுண்ட் ஓயாமல் அதிர்ந்தால் உள்ளே கொதிப்பது இதனால்தான். அமுக்கிய ரப்பர் பழைய உருவத்துக்கு முழுதாகத் திரும்பாத தொல்லையும் பெரும்பாலும் கூடும்.

*

சிலிக்கா போடுகிறவர்களுக்கு: சிலேன் (சிலிக்காவை ரப்பரோடு பிணைக்கும் ரசாயனம்) இல்லாமல் போட்டால் அது ரப்பரோடு ஒட்டாமல் தனக்குள்ளேயே திரளும். க்யூரை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரையும் உறிஞ்சிக்கொள்வதால் க்யூர் தாமதமாகும். டென்சைல் குறைவாக வந்தால் பங்கைக் கூட்டுவதற்கு முன்னால் க்யூர் கர்வை (நேரம் போகப்போக க்யூர் எவ்வளவு ஆகிறது என்று காட்டும் வரைபடத்தை) பாருங்கள்.