ராம்சார் குளங்களுக்குப் போனவர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள்

நெல்லைப் பயணி:

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்தான் ராம்சார் பட்டியல். தமிழ்நாட்டில் அதில் இருக்கும் இடங்கள் 20 ஆகிவிட்டன. நேரில் போனவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். நானே தொடங்குகிறேன்.

நான் போனது கூந்தன்குளம். திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி போகிற வழியில் மூன்றடைப்பில் திரும்ப வேண்டும். பிப்ரவரி கடைசி, குளத்தில் நல்ல தண்ணீர். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் கரையோரம் மேய்ந்துகொண்டிருந்தன. ஆனாலும் நான் அதிக நேரம் நின்றது ஊருக்குள்தான். வீட்டு வாசல் மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. கீழே ஓடு, திண்ணை, நிறுத்தி வைத்த பைக் எல்லாம் வெள்ளை வெள்ளையாக எச்சம். மீன் கவிச்சி வேறு குடலைப் புரட்டும். படம் போடுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை, தெரிந்துகொண்டு போங்கள்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சியிடம், “இப்படி அசிங்கம் பண்ணுதே, கஷ்டமா இல்லையா ஆச்சி?” என்று கேட்டேன். “பேறுகாலத்துக்கு வந்த பிள்ளைய வெரட்டவா முடியும்? நீ வேற தம்பி” என்று சிரித்தார். தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்ப்பதும் உண்டு. பாசத்தோடு கணக்கும் இருக்கிறது. எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரம்.

1994இல் சரணாலயமாக்கினார்கள், 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்த்து அறிவித்தார்கள். சரி, அதனால் என்ன மாறியது என்று டீக்கடையில் கேட்டால், பேச்சு நேராக மணிமுத்தாறு கால்வாய்க்குப் போகிறது. கால்வாயில் தண்ணீர் வந்தால் பறவை உண்டு, வராவிட்டால் இல்லை. கூடு கட்டிய பிறகு குளம் வற்றினால் குஞ்சுக்குக் கொடுக்க மீன் கிடைக்காது. அப்போது பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தண்ணீர்ப் பங்கீட்டில் பறவைக்கும் ஒரு பங்கு எழுதி வைக்காமல் பாதுகாப்பு என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பள்ளிக்கரணைவாசி:

எங்கள் சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பில் கதை தலைகீழ். தண்ணீர் வரவில்லை என்ற கவலையே கிடையாது. தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்துதான் ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாக வெளியே போக வேண்டும். சதுப்பில் மண்ணைக் கொட்டி மேடாக்க மேடாக்க, அந்தத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வருகிறது. ஒரு காலையில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்தேன், அவற்றுக்குப் பின்னால் பெருங்குடி குப்பைமேடு புகைந்துகொண்டிருந்தது. ராம்சார் எல்லை ஏறக்குறைய 1,248 ஹெக்டேர் என்கிறார்கள். எந்தச் சர்வே நம்பரோடு அது முடிகிறது என்று மனை வாங்கப் போனவரைக் கேட்டுப் பாருங்கள்.

மதுராந்தகத்துக்காரன்:

நெல்லைப் பயணி சொல்வதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளில், பாசனத்துக்காக வெட்டிய ஏரி குளங்கள் ஈரநிலம் என்ற கணக்கிலேயே வராது. நம் ஊர் நீர்நிலைகள் பலவும் பாசன ஏரிகள்தானே! ராம்சார் இடம் என்றால் அந்த விதிகள் பொருந்தும். ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டுவது, கழிவுநீர் விடுவது எல்லாவற்றையும் சட்டம் காட்டித் தடுக்கலாம். வழக்குப் போடுகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதே நேரம், 2020இல் வேடந்தாங்கல் சரணாலய எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 3 ஆகச் சுருக்கும் யோசனை வந்தபோது அதற்கு ராம்சார் பெயர் கிடையாது. எதிர்ப்புக் கிளம்பித்தான் அது நின்றது. 1798இலேயே கலெக்டரிடம் போய் வேட்டைக்குத் தடை வாங்கிய ஊர்க்காரர்கள் இருந்த இடம் அது.

நெல்லைப் பயணி:

விதி விவரத்துக்கு நன்றி அண்ணே, அது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த விதியை வைத்து ஆக்கிரமிப்பைத் தடுக்கலாம், மதகைத் திறக்க வைக்க முடியுமா?

அப்புறம், கோடியக்கரை போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தமிழ்நாட்டில் முதலில், 2002இலேயே, பட்டியலில் ஏறியது அதுதான். பக்கத்திலேயே உப்பளங்கள். அங்கே உள்ளூர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள்.