கோப்பு இருக்கிறது, ஆனால் 'இல்லை' என்கிறது லினக்ஸ்

கேள்வி (மடிவாளா, பெங்களூரு):
உபுண்டு லினக்ஸில் கம்பைல் செய்த சி நிரலை, ஆல்பைன் என்ற இன்னொரு லினக்ஸ் வகை ஓடும் கன்டெய்னருக்குள் (தனித்து ஒதுக்கிய சூழல்) போட்டேன். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தால் கோப்பு கண்ணெதிரே நிற்கிறது. ஓட்டினால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்கிறது. பெர்மிஷன் எல்லாம் சரி. சில்க் போர்டு நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்து இதையே யோசித்தேன், பிடிபடவில்லை.

பதில்:
இல்லாதது உங்கள் கோப்பு அல்ல தம்பி, அதை ஏற்றிவிடும் லோடர். லினக்ஸின் மையமான கர்னல், நிரல் கோப்பின் தொடக்கத்தில் உள்ள ஈஎல்எஃப் (லினக்ஸ் நிரல்களின் கோப்பு வடிவம்) தலைப்பை முதலில் படிக்கும். 64 பிட்டில் அது 64 பைட். அப்புறம் கோப்பின் பகுதிகளைப் பட்டியலிடும் புரோகிராம் ஹெடர்கள். அவற்றில் லோட் என்று குறித்த பகுதிகளை நினைவகத்தில் மேப் செய்யும். முழுக் கோப்பையும் அள்ளிக் கொட்டாது. தொடத் தொடத்தான் பக்கம் பக்கமாக வரும். இன்டெர்ப் என்றொரு பகுதி உண்டு. டைனமிக் லோடரின் பாதை அதில்தான் இருக்கிறது. உங்களுடையது உபுண்டுவின் சி நூலகமான கிளிப்சியின் லோடரைக் கேட்கிறது, ஆல்பைனில் இருப்பதோ மஸல் என்ற வேறொரு சி நூலகம். கேட்ட இடத்தில் ஆள் இல்லை. கர்னல் அந்தப் பிழையை அப்படியே திருப்பிவிடும், எந்தக் கோப்பு என்று சொல்லித் தொலைக்காது. நானே இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தவன்.

இன்னொரு பதில்:
நூலகத்தையும் கோப்புக்குள்ளேயே சேர்த்து ஸ்டாட்டிக்காகக் கட்டிப் பாருங்கள். இன்டெர்ப் பகுதியே இருக்காது.

கேட்டவர்:
ஓடிவிட்டது அண்ணா! கோப்புதான் 16 கேபியிலிருந்து 800 கேபிக்கு ஊதிவிட்டது.