செங்கோட்டைக்குச் சைக்கிளுடன்: பிரேக் வேனா, படுக்கைக்கு அடியிலா?

மேலைக்காற்று:
சாரல் முடிவதற்குள் ஒரு பயணம் போக வேண்டும் என்று ஆசை. எழும்பூரில் இரவு பொதிகை ரயில் ஏறினால் காலையில் செங்கோட்டை. அங்கிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் வரை சைக்கிள். கொல்லத்திலிருந்து எழும்பூர் வரும் வண்டியில் திரும்புவதாகத் திட்டம். என்னுடையது 13 கிலோ கியர் சைக்கிள், டிஸ்க் பிரேக். சைக்கிள் கடைக்காரர், சக்கரங்களைக் கழற்றிப் பையில் போட்டுப் படுக்கைக்கு அடியில் தள்ளிவிடுங்கள் என்கிறார். அலுவலக நண்பரோ, லக்கேஜும் பார்சலும் ஏற்றும் பிரேக் வேனில் போடுவதுதான் முறை என்கிறார். இரண்டையும் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். படுக்கை வகுப்பில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

கழற்றிமாட்டி:
பிரேக் வேன் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். மூன்று வருடத்துக்கு முன்பு அந்தத் தப்பைச் செய்தேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். என் சைக்கிளுக்கு மேல் தெர்மக்கோல் மீன் பெட்டிகள் அடுக்கப்பட்டு வந்தன. பின்பக்க கியர் மாட்டியிருக்கும் கொக்கி உள்பக்கமாக வளைந்துவிட்டது. மூன்றாவது கியருக்கு மாற்றினால் சங்கிலி சக்கரக் கம்பிக்குள் போய் விழுந்தது. மீன் தண்ணீர் சங்கிலியில் இறங்கிய வாடை போக இரண்டு முறை மண்ணெண்ணெயில் கழுவினேன். அதற்குப் பிறகு எல்லாம் பைதான். நான்கு பயணம் போய்விட்டேன், இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பழைய குமாஸ்தா:
பார்சல் அலுவலகத்தில் 26 ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தவன் என்பதால் சொல்கிறேன். யாரும் கேட்டதில்லை என்பதை விதியாக்கிவிடாதீர்கள், தம்பி. பயணிகள் பெட்டிக்குள் கொண்டு போகும் டிரங்கு, சூட்கேஸ் அளவு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். உங்கள் சைக்கிளை விடுங்கள், டயரோடு சேர்த்து ஒற்றைச் சக்கரத்தை அளந்து பாருங்கள். 68 செ.மீ. வரும். சக்கரமே உள்ளே வர அனுமதி இல்லாத பொருள்.

படுக்கை வகுப்புக்கு 40 கிலோ வரை இலவசம் என்று சொல்லிச் சிலர் வாதாடுவார்கள். அந்தச் சலுகை ஸ்கூட்டர், சைக்கிள் போன்றவற்றுக்குக் கிடையாது. பதிவு செய்யாமல் பிடிபட்டால் லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு கட்ட வேண்டும்.

இப்போது ஒரு கேள்வி. மூன்று வருடத்துக்கு முன்பு நீங்கள் போட்டது லக்கேஜா, பார்சலா?

கழற்றிமாட்டி:
இரண்டுக்கும் என்ன வேறுபாடு, ஐயா? பார்சல் அலுவலகத்துக்குப் போனேன், சைக்கிள் அனுப்ப வேண்டும் என்றேன், ரசீது கொடுத்தார்கள்.

பழைய குமாஸ்தா:
அங்கேதான் வந்தது வினை. "அனுப்ப வேண்டும்" என்றால் குமாஸ்தா பார்சல் என்று எடுத்துக்கொள்வார். பார்சலுக்குப் பயண டிக்கெட் தேவையில்லை. இடம் இருக்கும் வண்டியில் அது போகும், நீங்கள் போகும் வண்டியிலேயே வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "என் டிக்கெட்டில் லக்கேஜாகப் போடுங்கள்" என்று சொல்லி டிக்கெட்டை நீட்ட வேண்டும். அப்போதுதான் உங்களோடு அதே வண்டியில் வரும். கட்டணம் சற்றுக் கூடுதல். புறப்படுவதற்கு 30 நிமிடம் முன்பாவது கொண்டுவந்துவிட வேண்டும். நான் என்றால் இரண்டு மணி நேரம் முன்பு போய்விடுவேன்.

மேலைக்காற்று அவர்களுக்கு ஒரு நல்ல சகுனம். வண்டி புறப்படுவதும் எழும்பூர், முடிவதும் செங்கோட்டை. குற்றாலத்துக்குப் பக்கம் என்று தென்காசிக்குப் பதிவு செய்துவிடாதீர்கள். இடைவழி நிலையத்தில் சில நிமிடங்களுக்குள் ஆள் வந்து, கதவைத் திறந்து, உங்கள் மூட்டையைத் தேடி இறக்க வேண்டும். கடைசி நிலையத்தில் அந்தப் பதற்றம் இல்லை, எல்லாமே இறங்கித்தான் ஆக வேண்டும்.

கழற்றிமாட்டி:
சரி, லக்கேஜாகவே போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொலைந்தால்? மதிப்பை அறிவிக்காத லக்கேஜுக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 100 ரூபாய்தான். பார்சல் என்றால் அதிலும் பாதி, 50. இவருடைய 13 கிலோவுக்கு 1,300 ரூபாய் வரும். நல்ல டயர் ஒன்றுகூட அந்தக் காசுக்கு வராது. இதைச் சொல்லாமல் விதி பேசுகிறீர்களே!

பழைய குமாஸ்தா:
அறிவிக்காத லக்கேஜுக்கு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பதிவு செய்யும்போது மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்கான சதவீதக் கட்டணத்தைக் கட்டினால் அந்த மதிப்புக்குப் பொறுப்பு உண்டு. யாரும் கட்டுவதில்லை, தொலைந்த பிறகு எங்களிடம் வந்து சத்தம் போடுவார்கள்.

படுக்கைக்கு அடியில் இருக்கும் உங்கள் பை மட்டும் என்ன? 1989 ரயில்வே சட்டத்தின் 100ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பயணி தன் பொறுப்பில் கொண்டு வரும் பொருள் காணாமல் போனால், ரயில்வே ஊழியரின் கவனக்குறைவு அல்லது தவறான நடத்தையால்தான் போனது என்று நிரூபித்தாக வேண்டும். நடு இரவில் யாரோ தூக்கிப் போனதற்கு அதை எப்படி நிரூபிப்பீர்கள்? கிலோவுக்கு 100 ரூபாய் அற்பம்தான். உங்கள் பைக்கு அதுவும் இல்லை.

தனிவழி:
சட்டம் பேசும் இருவருக்கும் சேர்த்து ஒரு விஷயம். நான் தனியாகப் பயணம் போகிற பெண். சட்டைப்பையில் பாட்டிலை வைத்துக்கொண்டு போவது போல கழற்றிமாட்டி பையைத் தூக்கிப் போட்டுக்கொள்கிறார். என்னால் 14 கிலோ சைக்கிளையும் துணிப்பையையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தில் இடித்து, அந்த மூன்று படி ஏற முடியவில்லை. முயன்றேன். பின்னால் வந்தவர் காலில் சக்கரம் இடித்து, அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. அதனால் பிரேக் வேன்தான்.

அதிலும் தொல்லை உண்டு. பார்சல் அலுவலகம் பெரும்பாலும் நடைமேடையின் ஒரு கோடியில், வெளிச்சம் குறைந்த இடத்தில் இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு ஓர் ஊரில் இறங்கி, ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். "கூட யாரும் வரவில்லையா?" என்ற கேள்வி ரசீதோடு இலவச இணைப்பு.

மேலைக்காற்று, கட்டுவதை மட்டும் சுமைதூக்குபவர்களிடம் விட்டுவிடாதீர்கள். சாக்கைச் சுற்றிக் கோணி ஊசியால் நாலு தையல் போட்டுக் காசு வாங்கிக்கொள்வார்கள். சாக்கு கீறலைத் தடுக்கும், வளைவதைத் தடுக்காது. வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டியவை இவை. 15 எண் ஸ்பேனரால் பெடல் இரண்டையும் கழற்றுங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசை, தெரியாமல் முறுக்கி இன்னும் இறுக்கிவிடுவார்கள். பின் கியரின் ஒற்றைத் திருகைக் கழற்றி, கியரைச் சைக்கிள் சட்டத்துக்கு உள்பக்கம் தள்ளி, துணியில் சுற்றிக் கட்டுங்கள். அப்படிச் செய்திருந்தால் கழற்றிமாட்டியின் கொக்கி மீன் பெட்டிக்குத் தப்பியிருக்கும். முன்சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் கட்டைகளுக்கு நடுவில் மடித்த அட்டை ஒன்றைச் செருகுங்கள். இல்லாவிட்டால் யாராவது பிரேக்கை அழுத்தினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், மலையடிவாரத்தில் உட்கார்ந்து நெம்ப வேண்டியிருக்கும்.

வெளியே கறுப்பு மையில் பெரிதாக நிலையக் குறியீடு. எழும்பூர் எம்.எஸ்., செங்கோட்டை எஸ்.சி.டி. இரண்டு பக்கமும் எழுதுங்கள்.

பழைய குமாஸ்தா:
அம்மா, இத்தனை வருடத்தில் இப்படிக் கட்டி வந்த ஒரு சைக்கிளை நான் பார்த்ததில்லை. ரசீது எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

ரைன்கரை:
நான் ஜெர்மனியில் கொலோன் நகரில் இருக்கிறேன். படிக்கப் படிக்கச் சிரிப்பும் வருத்தமும் வருகிறது. இங்கே 2017 முதல் ஓடும் நான்காம் தலைமுறை ஐ.சி.இ. அதிவேக ரயிலில் எட்டு சைக்கிளுக்கு இடம் இருக்கிறது. முன்பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். கழற்ற வேண்டாம், சாக்கு வேண்டாம். 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக வாங்கும் ரயில்களில் குறைந்தது நான்கு சைக்கிள் இடம் வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. நம் ஊரில் வந்தே பாரத்தில் லக்கேஜ் வேனே கிடையாது. புது ரயிலில்கூடச் சைக்கிளை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கழற்றிமாட்டி:
ஜெர்மனியை விடுங்கள், ஜப்பானைப் பாருங்கள். அங்கே ரின்கோ என்று ஒரு முறை. சைக்கிளைப் பிரித்துப் பைக்குள் முழுவதுமாக மூடிவிட்டால் புல்லட் ரயிலிலும் கட்டணம் இல்லாமல் எடுத்துப் போகலாம். நான் செய்வது அதைத்தான். என்னைத் திருடனைப் போலப் பேசுகிறார்கள்.

பழைய குமாஸ்தா:
ஜப்பானில் அதற்கு விதி எழுதி வைத்திருக்கிறார்கள், தம்பி. நீங்கள் செய்வதற்கு இங்கே ஆறு மடங்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பை ஒன்றுதான், ஊர் வேறு.

ரைன்கரை நண்பருக்கு: பொதுப்பெட்டியில் கழிப்பறை வாசலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து வருகிறவர்களை நான் தினமும் பார்த்தவன். அந்த வண்டியில் சைக்கிளைத் தொங்கவிடக் கொக்கி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தனிவழி:
இதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஐயா. யாரும் பொதுப்பெட்டியில் இடம் கேட்கவில்லை. பிரேக் வேனில் நான்கு டன் கொள்ளும் அறைகளை ரயில்வே குத்தகைக்கு விட்டுவிடுகிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். குத்தகைதாரர் சரக்கு ஏற்றியது போக மிச்சம் இருக்கும் அறையில்தான் எங்கள் சைக்கிளும், மோட்டார் சைக்கிளும், பத்திரிகைக் கட்டும், மீனும். அந்த அறைச் சுவரில் நாலு வளையமும் இரண்டு வாரும் இருந்தால் போதும். உட்கார இடமில்லாத அந்தத் தாயின் இடத்தில் ஓர் அங்குலம்கூடக் குறையாது. ஏழையைக் காட்டி எல்லாவற்றையும் மறுப்பது சுலபமான வழி.

பழைய குமாஸ்தா:
வளையம் நல்ல யோசனைதான். மோட்டார் சைக்கிளுக்கும் ஆகும். நான் பணியில் இருந்தபோது தோன்றவில்லை.

வாடகையே நன்று:
இவ்வளவு பாடுபட்டு ஏன் தூக்க வேண்டும்? போகிற ஊரில் வாடகைக்கு எடுங்கள். புதுச்சேரியில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

மேலைக்காற்று:
செங்கோட்டையில் எடுத்துக் கொல்லத்தில் விட்டுப்போக யார் வாடகைக்குத் தருவார்கள்? மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் தந்த கடைகள் எல்லாம் மூடிப் பல வருடம் ஆகிறது.

மேலைக்காற்று (பதினெட்டு நாள் கழித்து):
போய் வந்துவிட்டேன். போகும்போது ஐயா சொன்னபடி லக்கேஜ், தனிவழி சொன்னபடி கட்டு. "டிக்கெட்டில் லக்கேஜாக" என்ற வார்த்தையைச் சொன்னதும் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார், வேறு படிவம் எடுத்தார். செங்கோட்டையில் கடைசிப் பெட்டி வரை நடந்து போனேன். என் மூட்டை ஒரு மோட்டார் சைக்கிளின் மேல் சாய்ந்து நின்றது. ஒரு கீறல் இல்லை. நிலையத்து வேப்பமரத்தடியில் அரை மணி நேரத்தில் மாட்டி முடித்து, புளியரை எஸ் வளைவில் சாரலில் ஏறினேன். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்துக்குக் கீழே நின்றபோது மேலே ரயில் போனது. அந்த ஐந்து நிமிடத்துக்கு எல்லாச் சாக்கும் தகும்.

திரும்பும்போது வேறு கதை. கொட்டாரக்கரைக்கு முன்பு பஞ்சர், அப்புறம் மழை. கொல்லம் கவுண்டருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி புறப்பட 25 நிமிடம். இனி எடுக்க முடியாது என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். நடைமேடையிலேயே இரண்டு சக்கரத்தையும் கழற்றி, அதே சாக்கில் சுருட்டி, படுக்கைக்கு அடியில் தள்ளினேன். வண்டி அங்கேதான் புறப்படுகிறது என்பதால் ஏறக் கூட்டம் இல்லை. சைக்கிள் சட்டம் உள்ளே போய்விட்டது, முன்சக்கரம் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டே வந்தது. எதிர்ப்படுக்கைப் பாட்டி அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு தூங்கினார். டிக்கெட் பரிசோதகர் டார்ச் அடித்துப் பார்த்தார், பாட்டியைப் பார்த்தார், போய்விட்டார்.

கழற்றிமாட்டி:
கேட்டீர்களா ஐயா? ஐந்தாவது பயணம்!

பழைய குமாஸ்தா:
பாட்டிக்கு மரியாதை கொடுத்திருக்கிறார், சைக்கிளுக்கு அல்ல. 30 நிமிடம் என்று நான் எழுதியிருந்தேனே, மேலைக்காற்று.

தனிவழி:
பிரேக் கட்டை ஒட்டிக்கொண்டதா?

மேலைக்காற்று:
இல்லை, அவசரத்திலும் அட்டை செருகினேன். இடது பெடல்தான் காணவில்லை. எழும்பூரில் பெட்டி முழுக்கக் குனிந்து தேடி, கடைசியில் வீட்டில் மழைச்சட்டையை உதறியபோது பையிலிருந்து விழுந்தது.