கான்கிரீட் தளத்துக்கு அடியில் வெந்நீர்க் குழாய் கசிகிறது: தரையை உடைப்பதா, அட்டிக் வழியாகப் புதுக் குழாய் போடுவதா?

பிளேனோவாசி (கேள்வி):

வணக்கம். அமெரிக்காவின் டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே பிளேனோவில், 1980களில் கட்டப்பட்ட ஒற்றைத் தள வீடு எங்களுடையது. மண்ணின் மேல் நேரடியாக வார்த்த கான்கிரீட் ஸ்லாப்தான் அடித்தளம்; தண்ணீர் வரும் செப்புக் குழாய்கள் எல்லாம் அதற்குக் கீழே ஓடுகின்றன. சமையலறைக்கும் குளியலறைக்கும் இடையே உள்ள நடைவழியில் ஓரிடத்து டைல்ஸ் மட்டும் வெறுங்காலுக்குச் சூடாகப் படுகிறது. யாரும் வெந்நீரைத் திறக்காத நேரத்திலும் வாட்டர் ஹீட்டர் எரிகிறது. தண்ணீர்க் கட்டணமும் கேஸ் கட்டணமும் சேர்ந்தே உயர்ந்துள்ளன. வந்து பார்த்த பிளம்பர் ஒருவர், சூடான இடத்தில் தரையை உடைத்துக் குழாயைச் சரிசெய்து தருவதாகக் கூறுகிறார். மற்றொருவர், தரைக்கடியில் உள்ள வெந்நீர்க் குழாயைக் கைவிட்டு அட்டிக் (கூரைக்கும் அறைகளின் உட்கூரைக்கும் நடுவே உள்ள இடம்) வழியாக பெக்ஸ் எனும் வளையும் பிளாஸ்டிக் குழாய் போட வேண்டும் என்கிறார். அதற்கு அவர் கேட்கும் தொகை மிக அதிகம். இருவரில் யார் சொல்வதை ஏற்பது?

குழாய்ப்பணி:

இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், கசிவு வெந்நீர்ப் பக்கம்தானா என்பதை நீங்களே உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, கழிப்பறைத் தொட்டிகளும் ஒழுகவில்லை என்று பார்த்துக்கொண்டு, தெரு ஓரத் தண்ணீர் மீட்டரில், நீரோட்டத்தைக் காட்டும் சிறு முக்கோணம் சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழன்றால், ஹீட்டரின் கட்டுப்பாட்டைப் பைலட் நிலைக்கு (சிறு சுடர் மட்டும் எரியும் நிலை) குறைத்த பின், அதற்குள் செல்லும் தண்ணீரின் வால்வை மூடுங்கள். அப்போது சுழற்சி நின்றால் கசிவு வெந்நீர்ப் பக்கத்தில் உள்ளது. பழுதுபார்க்க ஆள் வரும் வரை, வெந்நீர் தேவைப்படும்போது மட்டும் அந்த வால்வைத் திறந்தால், தளத்துக்கு அடியில் மண் மேலும் ஊறாமல் காக்கலாம்.

சூடாக உள்ள இடத்துக்கு நேர் கீழேதான் ஓட்டை இருக்கும் என்று எண்ண வேண்டாம். குழாய் பதித்த மணற்பள்ளத்தின் வழியே தண்ணீர் ஓடி வேறோர் இடத்தில் தேங்கும். வெப்பம் அங்கே மேலே வரும். தண்ணீரை வடித்து, குழாயில் காற்றழுத்தம் ஏற்றி, தரை ஒலிவாங்கியால் கேட்டு, தேவையெனில் 5 விழுக்காடு ஹைட்ரஜனும் 95 விழுக்காடு நைட்ரஜனும் கலந்த வாயுவைச் செலுத்தி முகர்கருவியால் தேடி இடத்தைக் குறிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சோதனைக்குத் தனியாகப் பணம் கொடுப்பது, தவறான இடத்தில் உடைப்பதைவிட மலிவு.

எல்லாவற்றுக்கும் மேலாக, கார் நிறுத்தும் அறையின் தரையில் 'போஸ்ட் டென்ஷன்' ஸ்லாப் என்ற எச்சரிக்கை முத்திரை உள்ளதா என்று பாருங்கள். உங்கள் பகுதியில் அவ்வகைத் தளங்கள் பரவலாக உண்டு. அவற்றுள் இருக்கும் எஃகு வடம் ஒவ்வொன்றும் கட்டும்போது சுமார் 33,000 பவுண்டு விசையில் இழுத்துப் பூட்டப்பட்டது. அறுக்கும்போது வடம் ஒன்று வெட்டுப்பட்டால் உயிருக்கே ஆபத்து. வடங்கள் செல்லும் தடத்தை ஸ்கேன் செய்து குறிக்காமல் எவரையும் தரையில் கைவைக்க விடாதீர்கள். முத்திரை இல்லாததை மட்டும் வைத்து வடம் இல்லை என்று முடிவுசெய்யவும் கூடாது.

பழைய வீட்டுக்காரர்:

உங்கள் வீட்டின் வயதுக்கு, அட்டிக் வழியே மாற்றுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. குளிர்நீர்க் குழாயைவிட வெந்நீர்க் குழாய் முதலில் கெடுவதற்குக் காரணங்கள் உண்டு: சூடேறும்போது நீண்டு, ஆறும்போது சுருங்கி, கல்லிலோ கான்கிரீட்டிலோ ஓயாமல் உரசுகிறது, வெப்பம் அரிப்பையும் விரைவுபடுத்துகிறது. ஓரிடத்தில் சுவர் மெலிந்து ஓட்டை விழுந்த குழாய், அதே தண்ணீரும் அதே வெப்பமும் கண்ட மற்ற நீளத்திலும் மெலிந்தே இருக்கும். புதிய வீடாக இருந்து, ஆணி குத்தியோ மடங்கியோ ஓரிடம் மட்டும் பழுதாகியிருந்தால், உடைத்துச் சரிசெய்வதை நானே பரிந்துரைப்பேன்.

அட்டிக்கில் போடும்போது சில விஷயங்களை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஹீட்டரிலிருந்து முதல் 18 அங்குலத்துக்கு உலோகக் குழாயே இருக்க வேண்டும். பெக்ஸ் குழாய்கள் கூரையை ஒட்டித் தொங்காமல், அறையின் உட்கூரைமேல் படுத்து, வெப்பக்காப்புப் பஞ்சுக்கு அடியில் புதைந்திருக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் மின்சாரம் இல்லாமல் டெக்சாஸ் உறைந்தபோது, அட்டிக் குழாய்கள் வெடித்து எத்தனையோ வீடுகளின் உட்கூரை இடிந்து விழுந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. வீட்டின் மின்சாரத் தரையிணைப்பு (எர்த்) பழைய செப்புக் குழாயை நம்பியிருந்தால், அதையும் எலக்ட்ரீஷியன் பார்த்தாக வேண்டும். தண்ணீர் அழுத்தம் 80 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு) மேல் இருந்தால், அழுத்தக் குறைப்பு வால்வும், சூடேறி விரியும் தண்ணீருக்கு இடம் தர ஹீட்டர் அருகே விரிவுத் தொட்டியும் இல்லாமல் வேலையை முடிக்க விடாதீர்கள்.

கரிசல்மண்:

மேலே சொன்னவற்றோடு இரண்டு செய்திகள். உடைப்பதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். பழுதான குழாயின் விலையைப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை; ஆனால் அதை எட்டுவதற்காகத் தரையை உடைத்து மூடும் செலவையும், தண்ணீரால் வந்த சேதத்தையும் சில பாலிசிகள் ஏற்கின்றன. நீண்ட காலக் கசிவை விலக்கும் பிரிவும் இருப்பதால், கசிவு தெரிந்த தேதி, புகைப்படங்கள், எழுத்து வடிவிலான கண்டறிதல் அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது மண். டாலஸ் பகுதியின் களிமண், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் போல நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். கசிந்த இடத்தில் தளம் சற்று மேலே தள்ளப்பட்டு, கதவுகள் இறுகியிருக்கலாம். குழாய் சரியான பின் மண் காய்ந்து அடங்கப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் அடித்தளத்தைச் சமன்படுத்த ஒப்பந்தம் போடுவது பணத்தை வீணாக்கும். முதலில் ஓர் உரிமம் பெற்ற பொறியாளரிடம் தள மட்டத்தை அளக்கச் சொல்லுங்கள்.

பிளேனோவாசி:

அனைவருக்கும் மிக்க நன்றி. வால்வை மூடியதும் மீட்டர் நின்றுவிட்டது. போஸ்ட் டென்ஷன் முத்திரையும் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் பதிவுசெய்துவிட்டு, அட்டிக் வழியே மாற்றவே முடிவு செய்திருக்கிறோம். தரைக்கடியில் கைவிடப்படும் பழைய குழாயை என்ன செய்வது?

குழாய்ப்பணி:

அப்படியே கிடக்கட்டும். இரு முனைகளையும் தண்ணீர் இணைப்பிலிருந்து துண்டித்து மூடிவிட வேண்டும். இடையில் எந்தக் கிளையும் உயிரோடு விடப்படவில்லை என்பதை, புதிய குழாயில் அழுத்தம் ஏற்றி, சுவர்களை மூடுவதற்கு முன் உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள்.